சந்தியா சொன்ன காற்று

பழவேற்காடு,
செவ்வாய்க்கிழமை காலை.

மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஸ்டீபன் அவர்களுக்கு, ரோஸ்மேரி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அத்தையும் சுகம். நீங்கள் சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. சந்தியா இருக்கும்போது உங்கள் சுகத்துக்கு என்ன குறை?

போன் இருக்க, கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நான் வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீங்கள் அதை ஸ்பீக்கரில் வைக்கிறீர்கள், ரூமில் இருக்கிற எல்லாரும் கேட்கிறார்கள். போன தடவை நான் திட்டியதற்கு நீங்கள் அனுப்பிய பதிலில் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் வந்தது. சரி, வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம் என்றால், முன்பக்கக் கேமரா போய்விட்டது என்று மாசக்கணக்கில் அதே பாட்டு. அதனால்தான் காகிதத்தில் எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் கோழிக் கிறுக்கலை உங்களைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது.

கார்கோ பெட்டி வந்து சேர்ந்தது. வண்டிக்காரர் இறக்கி வைத்ததும் தெருவே கூடிவிட்டது. அத்தை பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இம்மாம் பெரிசா கீதே, இன்னாடி இது, வாஷிங் மெஷினா?"ன்னு கேட்டார். எனக்கும் அப்படித்தான் ஆசை. பிரித்தால், சக்கரம் கழற்றிய சைக்கிள். ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். கம்பிகளுக்கு நடுவில் பேரீச்சம்பழமும் சோப்பும் செருகி வைத்திருந்தீர்கள். அத்தை ஒரு சோப்பை எடுத்து முகர்ந்துவிட்டு, "சைக்கிளு வாங்கவா எம்புள்ள கடல் தாண்டிப் போனான்?"ன்னு கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எல்லாரையும் பார்த்துச் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகு உங்கள் மெசேஜ். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நீங்கள் இங்கே ஓட்டுவதற்காக அனுப்பிய சைக்கிளாம். "இப்ப அதுல இருக்கறது இருபத்தஞ்சு சைசு டயரு, இந்த ஊரு ரோட்டுக்கு அது போதும், நம்மூரு ரோட்டுக்கு முப்பத்திரண்டு போடணும்னு சந்தியா சொன்னாங்க, காத்து கம்மியா வெக்கணும்னு சந்தியா சொன்னாங்க, முன்னாடி சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம் கம்மினு சந்தியா சொன்னாங்க." ஒரு நிமிட மெசேஜில் சந்தியா மூச்சுக்கு மூச்சு வந்தாள். என் பெயர் ஒரே ஒரு தடவை, அதுவும் முதலில், கதவைத் தட்டுகிற மாதிரி.

கூடவே ஒரு படம். சக்கரத்தை யாரோ கட்டை விரலால் அமுக்கிக் காட்டுகிறார்கள். அந்த விரலில் சிவப்பு நகப்பூச்சு. அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் அனுப்புகிற எந்தப் படத்திலும் நீங்கள் இல்லை. சக்கரம், டயர், மறுபடி சக்கரம். புருஷன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்ட பொம்பளைக்கு இதுதான் கொடுப்பினை போல.

வெள்ளிக்கிழமை காலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறோம் என்கிறீர்கள். ஓட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? அத்தனை பெரிய கூட்டத்தில் காற்றைப் பற்றித் தெரிந்த ஆம்பளை ஒருத்தர்கூடவா இல்லை?

எனக்கு வயிறு எரிகிறது, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். பொன்னேரியிலிருந்து நம் ஊருக்கு வரும் ரோடு அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் எந்த ஊர்க்காரி? மணல் லாரி போய்ப் போய்த் தார் பெயர்ந்து கிடக்கிற இடம் தெரியுமா? கிளிஞ்சல் லாரி திரும்பும்போது சிந்தின ஓட்டுத்தூள் ரோட்டோரம் எங்கே பரவிக் கிடக்கிறது என்று தெரியுமா? என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் நைனா அந்த ரோட்டில்தான் நண்டுப் பெட்டி கட்டிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்கு மிதித்தார். பெட்டியில் ஐஸும் நண்டும் ஏற்றின பிறகு பின் சக்கரத்தை நான்தான் அமுக்கிப் பார்ப்பேன். விரல் கொஞ்சம் அமுங்கினாலும், "இன்னும் அடிமா, கல்லு மாதிரி இருக்கணும்" என்பார். காற்றைப் பற்றிப் பிறந்ததிலிருந்து தெரிந்தவள் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் மஸ்கட்டில் போய் ஆள் பிடித்திருக்கிறீர்கள்.

அதனால் முப்பத்திரண்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இருக்கிற டயரிலேயே நான் காற்று அடித்து வைக்கிறேன். வந்து மிதித்துப் பாருங்கள், எது ஓடுகிறது என்று தெரியும்.

மற்றபடி, முகத்துவாரம் பாதி தூர்ந்துவிட்டது, ஏரியில் தண்ணீர் வற்றி இறால் குறைந்துவிட்டது. கோயில் கொடிக்கு நம் வீட்டு வரி கொடுத்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு உங்களுக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன், நீல நிறம்.

சந்தியா உங்களுக்கு யார்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எனக்கு உங்களிடமிருந்து வேண்டியது அது ஒன்றுதான்.

இன்றைய தேதி வரை உங்கள் மனைவியாக இருக்கும்,
ரோஸ்மேரி.


பழவேற்காடு,
வெள்ளிக்கிழமை.

ஸ்டீபன் அவர்களுக்கு,

உங்கள் பதிலைக் கேட்டேன். "லூசு, அவங்க எனக்குத் தங்கச்சி மாதிரி"யாம். தங்கச்சி என்றால் தங்கச்சி. அதென்ன மாதிரி? அதோடு விட்டீர்களா? "டயர் பத்தி சந்தேகம்னா நீயே பேசிக்கோ, தங்கமானவங்க"ன்னு அவள் நம்பரையும் அனுப்பியிருக்கிறீர்கள். பொண்டாட்டிக்கு எங்கே எரிகிறதோ அங்கேயே மிளகாய்ப்பொடி தூவ உங்களை விட்டால் ஆள் கிடையாது.

நம்பரை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அழிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சைக்கிளை மாட்டி முடித்தோம். பக்கத்து வீட்டு மணியம்மாளின் மருமகன் வந்து சக்கரம் போட்டுக் கொடுத்தார். காற்று விடுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, ஊசி மாதிரி கீது"ன்னு அவரே பயந்தார். பெட்டியில் நீங்கள் வைத்த பம்பு இருந்ததால் தப்பித்தோம். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடித்தேன். நைனாவின் பெண் இல்லையா? மீட்டர் முள் நூற்றுப் பத்தைத் தாண்டும் வரை விடவில்லை. அமுக்கிப் பார்த்தேன், சும்மா கருங்கல். அந்தச் சிவப்பு நகத்தை இங்கே கொண்டுவந்து அமுக்கச் சொல்ல வேண்டும், நகம் பெயர்ந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓட்டிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. சுடிதார் போட்டுக்கொண்டு எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், மார்க்கெட் தாண்டும் வரை பறந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. ஓ, இதற்குத்தான் மனுஷன் இப்படி மயங்கிக் கிடக்கிறாரா என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தார் பெயர்ந்த இடம் வந்தது. ஒவ்வொரு கல்லும் கையில் ஏறி, பல்லில் வந்து இடித்தது. வண்டி என் பேச்சைக் கேட்காமல் துள்ளிக்கொண்டே போனது. கிளிஞ்சல்தூள் கிடக்கிற வளைவில் பின் சக்கரம் ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போனேன். முழங்கையும் முட்டியும் சிராய்த்துவிட்டது. ஓட்டுச்சில் குத்தி டயர் பக்கவாட்டில் கிழிந்து, புஸ் என்று எல்லாக் காற்றும் போயிற்று.

வளைவு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று எழுதினேன் அல்லவா, அதே வளைவுதான். சிரிப்பதாக இருந்தால் ரூமில் தனியாகச் சிரியுங்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அத்தை என் கையில் வடிகிற ரத்தத்தைப் பார்க்கவில்லை, டயரைத்தான் பார்த்தார். "அவன் வண்டிய நீ எதுக்குடி தொட்ட? வந்தான்னா நான் இன்னா பதில் சொல்றது?"ன்னு ஒரு பாட்டம் கத்தினார். பிறகு டெட்டாலைக் கொண்டுவந்து அவரே கழுவியும் விட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேற்று ஷேர் ஆட்டோவில் சக்கரத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன். சைக்கிள் கடை தேசப்பன் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு காற்று அடித்தேன் என்று கேட்டார், சொன்னேன். "ஏம்மா, இதுல நண்டுப் பெட்டியா கட்டப் போற?"ன்னு கேட்டுச் சிரித்தார். ஆனால் இந்த மாதிரி டயர் அவரிடம் இல்லையாம், இந்த வண்டிக்கு என்ன சைஸ், எவ்வளவு காற்று என்பதும் அவருக்குச் சரியாகத் தெரியாதாம். "மெட்ராஸ்லேர்ந்து வரவச்சுக் குடு, மாட்டித் தரேன். எவ்ளோ காத்துன்றத வாங்கின எடத்துலயே கேளு"ன்னுட்டார்.

வாங்கின இடம் என்றால் யார்? நீங்கள். உங்களைக் கேட்டால் யாரைக் கேட்பீர்கள்? ஊரே சேர்ந்து என்னை அந்த நம்பரிடம்தான் தள்ளுகிறது. அதனால்தான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நாளைக்குப் பேசப் போகிறேன். டயரைப் பற்றி மட்டும் பேசுவேன் என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை மீறி வாயில் வேறு ஏதாவது வந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

முழங்கை எரிச்சலோடு,
ரோஸ்மேரி.


பழவேற்காடு,
ஞாயிறு, பூசை முடிந்து.

என்னங்க,

சந்தியாவிடம் பேசி ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரமாக உங்கள் மெசேஜ் எதற்கும் நான் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான். வேறு கோபம். ஒழுங்காகச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

போனை எடுத்ததுமே, "ரோஸ்மேரி அக்காவா?"ன்னு கேட்டாள். என் நம்பர் அவளிடம் இருக்கிறது. அதற்கே எனக்குச் சுருக்கென்றது. எனக்கு இருக்கிற தங்கச்சிகளே போதும் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். டயர் கிழிந்துவிட்டது, எந்த டயர், எவ்வளவு காற்று, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். காற்றுக்கு ஒரே கணக்கு கிடையாதாம். டயர் எவ்வளவு அகலம், ரோடு எப்படி, ஓட்டுகிறவர் எவ்வளவு எடை, இந்த மூன்றையும் பார்த்துத்தான் அடிக்க வேண்டுமாம். டயர் அகலமாக இருந்து காற்று அளவாக இருந்தால், குழியில் இறங்கும்போது டயர் அமுங்கிக்கொடுத்து ஆளை அலுங்காமல் கொண்டுபோகுமாம், சறுக்குகிற இடத்தில் தரையைப் பிடித்துக்கொள்ளுமாம். கல்லு மாதிரி அடித்தால் குழியெல்லாம் நம் உடம்புக்குத்தானாம். நண்டுப் பெட்டி ஏற்றுகிற வண்டிக்கு நைனா அடித்தது சரி, இதற்கு அது சரிப்படாது. அவள் சொன்னது எல்லாம் உண்மை. இதை எழுதவே எனக்குக் கசக்கிறது. அன்றைக்கு முழங்கை ஆறியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன்.

பிறகு கேட்டாள், ஓட்டப் போவது நானா, அண்ணனா என்று. எனக்கு வந்ததே ரோஷம். என் வீட்டுக்காரர்தான் ஓட்டப் போகிறார், எண்பது கிலோ, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். புருஷனின் எடையைச் சொல்லும்போது எனக்கு ஒரு கெத்து. எண்பது கிலோவும் என் சோறு.

அவள் மெதுவாக, "எண்பதா? இல்லக்கா, அண்ணன் இப்ப அறுபதுதான். போன வாரம் கூட கிளினிக்ல எடை பார்த்தேனே"ன்னு சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. "ஐயோ, அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?"ன்னு கேட்டாள்.

சொல்லாமல் விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். அவள் உங்கள் கம்பெனி கிளினிக்கில் நர்ஸ். வேலை செய்கிற இடத்தில் நீங்கள் மயங்கி விழுந்து, தூக்கிக்கொண்டு போன இடத்தில்தான் அவளைப் பார்த்தீர்கள். சர்க்கரை, அதுவும் பயப்படுகிற அளவுக்கு. தினம் உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர், முட்டி வலியில் உங்களால் நடக்க முடியவில்லை, அதனால் சைக்கிள் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். வீட்டில் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். "சொன்னா ரோஸி உடனே கிளம்பி வரச் சொல்லுவா"ன்னு காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். ஆமாம், சொல்வேன். சொல்லாமல் பூ வைத்துக் கும்பிடுவேன் என்று நினைத்தீர்களா?

முன்பக்கக் கேமரா போகவே இல்லை என்பது எனக்கு இப்போது புரிகிறது. கன்னம் ஒட்டிப் போனது தெரியக் கூடாது என்றுதான் சக்கரத்தைப் படம் எடுத்து அனுப்பினீர்கள்.

உங்களுக்குச் சர்க்கரை என்று கேட்டதும் எனக்கு முதலில் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது. நான் எப்படிப்பட்ட ராட்சசி என்று பாருங்கள். நீங்கள் மயங்கி விழுந்தபோது தாங்கினவள் அவள். மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறவள் அவள். உங்கள் உடம்பில் எவ்வளவு குறைந்தது என்று அவளுக்கு ஒவ்வொரு வாரமும் தெரியும். உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்ட எனக்குத் தெரியாது. நீங்கள் அவளோடு ஓடிப்போயிருந்தால்கூட நான் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். ஓடிப்போன புருஷனைத் திட்டித் தீர்க்கலாம். இதற்கு யாரைத் திட்டுவது?

அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அப்போது அவள் ஒன்று சொன்னாள். "அண்ணனுக்குக் காயம் பட்டா சீக்கிரம் ஆறாதுக்கா. சின்னக் காயம்னாலும் பெருசாயிடும். அங்க ரோடு மோசம்னு அண்ணன் சொன்னாரு, அதான் அகல டயர் போடுங்க, காத்த கொறைங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். விழுந்துடக் கூடாதுல்ல?"ன்னாள். போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பேரைக் கேட்டாலே எரிகிறது என்று, அவள் சொன்னதற்கு நேர்மாறாக நூற்றுப் பத்து அடித்து, உங்களை ஏற்றிவிடக் காத்திருந்தவள் நான். அந்த வளைவில் நீங்கள் விழாமல் நான் விழுந்தது மாதா செய்த காரியம்.

என் முழங்கை ஆறிவிட்டது. எனக்கு ஆறும்.

தையல்காரரிடமிருந்து சட்டையை வாங்கி வந்து விரித்துப் பார்த்தேன். பழைய அளவு. அதற்குள் நீங்களும் இன்னொரு ஆளும் தாராளமாக நுழையலாம். அத்தை என்னடி ஆச்சு, சட்டையைப் பார்த்து அழுகிறாய் என்று கேட்டார். நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள். அந்தப் பாரத்தையும் என் தலையில் வைக்காதீர்கள்.

ஒன்று தெளிவாகச் சொல்கிறேன். சந்தியா நல்லவள். நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பிவிட்டேன், கைகூப்பின படமும் போட்டேன். ஆனால் எனக்கு அவளைப் பிடிக்காது, இனிமேலும் பிடிக்காது. உங்களுக்குத் தலைவலி என்றாலும் அதை முதலில் கேட்க வேண்டியவள் நான். உங்கள் சம்பளம், உங்கள் சோப்பு, பேரீச்சம்பழம் எல்லாம் எனக்கு வருகிறது, உங்கள் நோய் மட்டும் இன்னொருத்திக்குப் போகுமா? அதையும் எனக்கே அனுப்புங்கள். அதுவும் என்னுடையதுதான்.

கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம். எந்த பிளைட் முதலில் கிடைக்கிறதோ அதில் வாருங்கள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குத் தனி நாள் வைத்துப் பார்க்கிறார்கள், விசாரித்துவிட்டேன்.

முப்பத்திரண்டு டயர் மெட்ராஸிலிருந்து வந்துவிட்டது. தேசப்பன் மாட்டிக் கொடுத்தார். சைக்கிள் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் மயிரிழை இடம்தான், ஆனாலும் உரசவில்லை. காற்று மட்டும் அடிக்கவில்லை. அறுபது கிலோவுக்கு நாற்பத்தைந்து வைக்கச் சொன்னாள், எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. இருந்தாலும் அடிக்க மாட்டேன். அவள் பார்த்துச் சொன்ன எடைக்கு நான் ஏன் அடிக்க வேண்டும்? பஸ்ஸை விட்டு இறங்கினதும் வீட்டுக்குக்கூட வேண்டாம், நேராக மீன் ஏலக் கூடத்துக்கு வாருங்கள், நான் அங்கே நிற்பேன். இறால் பெட்டி வைக்கிற தராசில், ஊரே பார்க்கட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நில்லுங்கள். அது எவ்வளவு காட்டினாலும் என் கண்ணால் பார்த்து, அதற்குத் தக்க காற்றை என் கையால் அடிக்கிறேன்.

மாதா உங்கள் காலில் ஒரு சிறு கல்லும் குத்தாமல் கொண்டுவந்து என்னிடம் சேர்க்கட்டும். செருப்பில்லாமல் எங்கேயும் நடக்காதீர்கள்.

உங்கள்,
ரோஸி.